செல்வியின் முன்னால் ஆடினேன்

நான் பொய் சொன்னேன். அதை நம்பி ஒருத்தி மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

எனக்குப் பார்க்கின்சன் நோய். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான். காப்பி டம்ளரை எடுத்தால் பாதி வேட்டிக்குத்தான்! கள்ளக்குறிச்சியில் எங்களைப் போன்றவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் நடனப் பயிற்சி உண்டு. தாளம் கேட்டால் உறைந்துபோன கால் எழும்புகிறது, உண்மைதான். "மாத்திரையோட சேத்துதான் ஆட்டம்" என்று பயிற்சி தரும் பெண் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நானோ... எல்லோரையும்விட நன்றாக ஆட வேண்டுமென்று, கழிப்பறைக்குள் போய்க் கூடுதலாக ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வருவேன். இந்த வயதில் கைதட்டலுக்கு இப்படி ஓர் அலைச்சல்!

வகுப்புக்கு வரும் செல்வி சின்னசேலம் பக்கம். நோய் வரும்வரை களையெடுக்கப் போனவள். ஒருநாள் கேட்டாள்: "எப்பிடி சார் இப்பிடி ஆடுறீங்க? இன்னா மாத்திரை சார்?"

"மாத்திரையா? அதெல்லாம் வுட்டாச்சும்மா. ஆட்டம் ஒன்னே போதும்."

ஏன் சொன்னேன்? அந்தக் கண்கள் விரிவதைப் பார்க்கத்தான்... வேறென்ன!

அதன்பின் அவள் வகுப்புக்கு வரவில்லை. அவள் கணவனுக்குப் போன் செய்தேன்.

"படுத்துக்கினே கெடக்குறா சார். மாத்திரைய உடனே ஆரம்பிக்கணும்னு டாக்டரு சொல்றாரு. இவ துப்பிடறா. சாருக்கு ஆட்டத்துலயே தேறிடுச்சு, எனக்கும் தேறும்றா."

உண்மையைச் சொல்லிவிடுவதென்றே நேற்று பஸ் ஏறினேன். ஏறுமுன் மாத்திரை போட்டுக்கொண்டேன். நடுங்கிக்கொண்டு போய் நிற்கக் கூடாதாம்! பார்த்தீர்களா என் யோக்கியதையை?

கட்டிலில் விறைத்துக் கிடந்தாள். முகத்தில் அசைவில்லை. என்னைக் கண்டதும் முனகினாள்: "ஒருவாட்டி... ஆடிக் காட்டுங்க சார்..."

அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். கணவன் செல்போனில் பாட்டு வைத்தான்.

வாயைத் திறந்தேன். கால்தான் எழுந்துவிட்டது... ஆடினேன்!

எல்லோரும் கைதட்டினார்கள். கணவன் மாத்திரையை அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் என்னைப் பார்த்தபடியே உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க சார்" என்றான் அவன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா" என்றேன்.

இப்போதும் காலம் கடந்துவிடவில்லை; ஒரு போன் போதும். உங்களிடம் இவ்வளவு சொல்ல முடிந்த எனக்கு, அவனிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து அவன்தான் அழைத்துக்கொண்டிருக்கிறான்... நான் எடுக்கவில்லை.