சில்வண்டு: இன்னும் இல்லை

திகனவில் எங்கள் வீட்டின் பின்புறம் சரிவாக இறங்கும் தோட்டத்தில், வெயில் காலத்தில் எந்தப் பறவை, எந்தப் பூச்சி முதலில் தென்பட்டது என்று பதினெட்டு வருடங்களாகக் கொப்பியில் எழுதி வருகிறேன். இடப்பக்கம் நாள், நடுவில் பெயர், வலப்பக்கம் இடம்.

அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எழுதியவை மூன்று வரிகள். ஆறுமணிக் குருவி: மூங்கிலடியில், இன்னும் இந்தியாவுக்குத் திரும்பவில்லை. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்: வேலிக்கு மேலே, சிவனொளிபாத மலைப் பக்கமாக. சில்வண்டு: இன்னும் இல்லை.

மூன்றாவது வரி மனதை உறுத்தியது. முன்பெல்லாம் பெப்ரவரி கடைசியிலேயே சில்வண்டு கத்தத் தொடங்கிவிடும். பிறகு அது மார்ச் ஆனது. போன வருடம் ஏப்ரல். மரங்கள் குறைந்ததுதான் காரணம் என்று மூன்று பக்கம் எழுதி, பத்திரிகைக்கு அனுப்ப உறையிலிட்டு மேசைமேல் வைத்திருந்தேன்.

பகல் சாப்பாட்டுக்கு மஹய்யாவவிலிருந்து தங்கச்சி வந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பலா மரத்தடியில் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தோம்.

"இந்தச் சத்தத்துல எப்படிக்கா இருக்கீங்க? காதுக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி இருக்கு."

"என்ன சத்தம்?"

"இந்தப் பூச்சிதான். மரம் முழுக்கக் கத்துதே."

உன்னிப்பாகக் கேட்டேன். குக்குறுவான் பறவை கூப்பிடுவது கேட்டது. கீழே ரோட்டில் பஸ் ஒன்று மேடேறுவது கேட்டது. வேறு எதுவும் இல்லை.

"வெளையாடாத."

"நானா வெளையாடுறேன்? எறும்பு தும்மினாக்கூட எழுதி வைக்கிற ஆளு நீங்க!" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எழுந்து, என் கையைப் பிடித்து மெதுவாக மரத்தருகே கூட்டிப்போனாள்.

நெஞ்சுயரத்தில், பட்டையின் நிறத்திலேயே சில்வண்டு ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணாடி இறக்கைகளில் வெயில் தங்கியிருந்தது. அவற்றுக்குக் கீழே வயிறு விடாமல் நடுங்கியது. தண்ணீருக்கடியில் ஏதோ நடப்பதைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப கத்துதா?"

"ஆமாக்கா."

நடுக்கம் நின்றது. "இப்ப?"

"நிறுத்திருச்சி."

எவ்வளவு நேரம் அப்படி நான் கேட்டும் அவள் சொல்லியும் நின்றோமோ தெரியாது. என் கைக்கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.

"எப்பத்துலருந்து கத்துது?"

"போன மாசம் வந்தப்பவும் கத்துச்சே. ஒங்களுக்குப் பழகிப்போச்சுன்னு நெனச்சேன்."

உள்ளே போய் உறையைப் பிரித்து அந்த மூன்று பக்கங்களையும் வெளியே எடுத்தேன். பிந்தி வந்தது சில்வண்டு அல்ல; அந்தக் கூர்மையான சத்தம் என் காதுக்குத்தான் வருடாவருடம் எட்டாமல் போயிருக்கிறது. கொப்பியில் காலையில் எழுதிய வரியை அடிமட்டம் வைத்துக் கோடிட்டு அடித்து, கீழே எழுதினேன்: சில்வண்டு, பலா மரம், தங்கச்சி கேட்டாள், நான் பார்த்தேன். நாள் எழுதும் இடத்தை முதல்முறையாக வெறுமையாக விட்டேன்.

பொழுது சாயும்போது மூங்கிலடியில் ஆறுமணிக் குருவி கூவியது. தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுச்சாக்கா?"

கேட்டது.