மதியக் குளிசையும் ஹமீதா ராத்தாவும்

1. நீரிழிவு மாத்திரை பற்றிய ஆய்வில், சாய்ந்தமருது ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேரைத் திங்கட்கிழமைதோறும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என் வேலை.
2. மதியக் குளிசையைப் போட்டதும் அவர்கள் படிவத்தில் சரி அடையாளமிட வேண்டும்.
3. நோன்பு மாதத்திலும் பதினொரு பேர் மதியத்துக்குச் சரி போட்டிருந்தார்கள். நான் அக்காவாக அழைக்கும் ஹமீதா ராத்தா மட்டும் போடவில்லை.

"நோன்பு திறந்துதான் குளிசை போட்டன் புள்ள. நோன்போட பொய் எழுத ஏலுமா?" என்று சிரித்தார்.

நானும் நோன்பு; பகலில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. மற்றவர்களின் சரிகள் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சரி இல்லாத படிவம் அவருடையது மட்டும் என்பதால், விதிமீறல் என்று ராத்தாவை மட்டும் அறிக்கையில் எழுதினேன். அவரை ஆய்விலிருந்து நீக்கினார்கள். அவருடைய காலில் ஆறாத புண் இருந்தது. நான்தான் வாராவாரம் அதைப் பார்த்துவந்தேன்.

பெருநாள் கழிந்த திங்கட்கிழமை ராத்தா தொலைபேசியில் அழைத்தார்.

"தேத்தண்ணி ஊத்தி வெச்சிரிக்கன். சீனி போடல்ல, நீ ஏசுவாய். ஏன் இன்னம் வரல்ல?"

ஆய்விலிருந்து அவரை நீக்கிவிட்டதால் இனி வர முடியாது என்று சொன்னேன்.

"அப்ப, பொய் எழுதின ஆக்கள்ற ஊட்டுக்கு மட்டும் போவியா புள்ள?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் வரவைத் தேடியிருந்தார். அவருடைய முற்றத்தில் போய் உட்கார எனக்கும் அவ்வளவு ஆசையாக இருந்தது.

படிவத்தில் விடிகாலை ஸஹர் உணவுக்கும் மாலை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் கட்டம் வேண்டும், ராத்தாவைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று ஆய்வுக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. மற்றப் பதினொரு பேரைப் பற்றி நான் இன்னும் எழுதவில்லை. எழுதினால் அவர்களையும் நீக்குவார்கள், பார்க்க ஆளிருக்காது. ராத்தா இப்போது கிளினிக் வரிசையில் நிற்கிறார். புண் ஆறவில்லை.