யாருடைய கைப்பேசி எண்ணையும் கேட்க விடாத தமயந்தி அக்கா

சென்ற வாரம் எங்கள் அரட்டை அறைக்கு அக்காவின் கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. “நான் அவளோட தம்பி. காலையில மோட்டார்ல போறப்ப செம்பனைக் கொலை ஏத்திட்டு வந்த லோரி மோதிருச்சு. அக்கா போயிட்டா.” எங்களில் பலர் புனைபெயரில் மட்டுமே பழகியவர்கள், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. அவர்கள் அழைத்துக் கேட்க வழியின்றித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண் தெரியாதபடி அந்த அறையை வைத்தவரே தமயந்தி அக்காதான். அதற்காக அவரை முரடு என்று சொன்னவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழ் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றை நாங்கள் கூடிச் செய்கிறோம். இலவசம், நிரலை யாரும் திருத்தலாம். ஆட்கள் பெருகியதும் எங்கே கூடிப் பேசுவது என்று சிரம்பான் பக்கம் பாரோயில், சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் தேநீர் குடித்தபடி விவாதித்தோம். திட்டத்தைத் தொடங்கிய குணா சொன்னார்: “எல்லார் கைப்பேசியிலயும் இருக்கிற செயலியே போதும்லா. புதுசா ஒன்னு போட்டா எவன் வருவான்?”

“அதுல எல்லார் நம்பரும் தெரியும்டா. ரோட்டுல போறவனும் உள்ள வந்து பாப்பான்” என்றார் அக்கா.

“ஒன் நம்பர வச்சு என்னா பண்ணுவான்? பொண்ணு பாக்க வருவானா?”

சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா கண்ணாடிக் குவளையை மேசையில் ஓங்கி அடித்தார். உடைந்த துண்டுகளோடு தேநீர் குணாவின் மடியில் கொட்டியது. “எனக்கு இல்லடா, மடையா!” யாருக்காக என்பதை மட்டும் அவர் வெளியே விடவில்லை. வாக்கெடுப்பில் குணாவின் யோசனையே வென்றது.

சுங்கை காடுட் பக்கம் பழைய தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அக்காவின் வீடு. கணவனின் அடிக்குத் தப்பி வந்து அங்கே ஒளிந்திருந்த புஷ்பாவும் எங்களோடு வேலை செய்தாள். அந்தக் கணவன் வேறு பெயரில் எங்கள் குழுவில் சேர்ந்து அவள் எண்ணை எடுத்தான். பார்சல் கொடுக்க வேண்டும் என்று வேறொருவனை விட்டுப் பேசவைத்தான். அவளே முகவரியைச் சொல்லிவிட்டாள்.

அவன் பாராங் கத்தியோடு வந்தபோது நானும் அங்கிருந்தேன். பலகைக் கதவு இரண்டு வெட்டில் பிளந்தது. “பின்னால ஓடுங்கடி, நின்னு பாக்காதீங்க!” என்று கத்திய அக்கா, முக்காலியைத் தூக்கி அவன் வாயில் அடித்தார். பற்கள் சிதறின. அவன் வீசிய வெட்டில் அக்காவின் இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. திரண்டு வந்த லயத்து ஆட்கள் அவனை மிதித்தார்கள். ரத்தம் ஒழுகும் கையைப் பிடித்துக்கொண்டு அக்காதான் தடுத்தார்: “போதும், கொன்னுறாதீங்க. ஜெயிலுக்குள்ள கெடக்கட்டும்.”

சிரம்பான் மருத்துவமனையில் குணா தேம்பினார். “மொதல்ல போய் அந்தக் குழுவ மூடு. அப்புறம் அழு” என்றார் அக்கா. அவர் கட்டிலருகே உட்கார்ந்து, எண் கேட்காத, புனைபெயர் மட்டும் போதுமான புதிய அறையைக் குணாவே எங்கள் சொந்த வழங்கிக் கணினியில் அமைத்தார். அக்கா அதில் முதல் வரியைத் தட்டினார்: “எட்டு விரல்ல அடிச்சா பிழையும் கொறையும்.”

பிறகு வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். பழைய செயலிக்கே போகலாம் என்று எத்தனையோ முறை கேட்டார்கள். காரணம் சொன்னால் புஷ்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். அக்கா “முடியாதுன்னா முடியாது” என்பதோடு நிறுத்திக்கொண்டார். கெட்ட பெயரைத் தாமே சுமந்தார்.

அடக்கத்துக்கு மறுநாள் அதே கோரிக்கை மீண்டும் வந்தது. ஒரு சாவைக்கூட விசாரிக்க முடியவில்லையே என்றார்கள், நியாயமான பேச்சுதான். ஆனால் புஷ்பாவின் கணவன் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டான். புஷ்பா எனக்குத் தனியே எழுதினாள்: “இப்பவாச்சும் சொல்லிருங்க. என்னால அக்காவ முரடுன்னே நெனைக்கிறாங்க.” அவள் சம்மதித்த அளவே இங்கே சொல்லியிருக்கிறேன். புஷ்பா என்பதும் அவள் பெயரல்ல.

அவளைப் போல இன்னும் யார் யார் அந்த அறையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கெட்ட பெயரை. நேற்று கோரிக்கைக்குக் கீழே ஒரே சொல் எழுதினேன்: “முடியாது.”