பூஜை அலமாரியில் வைத்த பொட்டலம்

2001 ஜூலை மாதக் காலண்டர் தாளில், "மீனாவுக்குக் காய்ச்சல்" என்று குறித்திருக்கிறேன். அப்போது கொல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அன்று பதினேழு வயது மகன் ரவியின் சட்டைப்பையில், பழுப்புப் பொடி மடித்த பொட்டலம் கிடைத்தது. பரீட்சைக்கு நான் கொடுத்தனுப்பிய கோயில் புற்றுமண் என்று எண்ணி, பூஜை அலமாரியில் இருந்த புற்றுமண் பொட்டலத்தோடு வைத்துவிட்டேன். மாலையில் அங்கிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, எட்டு வயது மகள் மீனாவின் காய்ச்சலுக்குக் கொஞ்சம் கரைத்துக் கொடுத்தேன்.

மறுநாளும் அவளுக்குப் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கப் போனேன். ரவி ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டான்.

"அது மண் இல்லம்மா, பிரவுன் சுகர், போதைப்பொடி. நேத்தும் இதையா கொடுத்தே?"

அலமாரியைத் திறந்து பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிப் பொட்டலங்கள்.

இருவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மீனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரவி நீண்ட சிகிச்சையில் மீண்டான். அன்றிலிருந்து பிள்ளைகளின் பையில் எது கிடைத்தாலும், நானாக ஒன்றை நினைத்துக்கொள்ளாமல் அவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.

முதல் நாள் நான் கரைத்துக் கொடுத்தது எந்தப் பொட்டலத்திலிருந்து என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.