குப்புறப் படுத்தவருக்கு வாசித்த நாவல்கள்

தமிழ் நாவலாசிரியர்கள் யாருக்கும் இது தெரியாது. அவர்கள் கொன்றுபோட்ட ஆட்களில் பாதிப் பேர் கேரள எல்லையிலுள்ள பாறசாலையில், எங்கள் வீட்டுப் படுக்கையறையில், சுகமாக இருக்கிறார்கள். காப்பாற்றியது நான்தான். யாரும் சால்வை போர்த்த வேண்டாம், சும்மா சொல்லி வைக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் விழித்திரை விட்டுப்போய், திருவனந்தபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்து அனுப்பினார்கள். அது இடம் மாறாமல் இருக்க, கொஞ்ச நாளைக்குக் குப்புறவே கிடக்க வேண்டும். டிவி கூடாது, ஃபோன் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கட்டு மாற்றிய நர்ஸ் தன் பங்குக்கு மலையாளத்தில் ஒன்று சேர்த்தாள். "கரஞ்ஞு கண்ணு திரும்மருது, கேட்டோ!" அழுது கண்ணைக் கசக்கக் கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனிதர் அழுது நான் கண்டதில்லை. மற்றவர்களை அழ வைத்துத்தான் கண்டிருக்கிறேன்.

ஹார்டுவேர் கடையில் காலை முதல் ராத்திரி வரை வாயடித்த ஆள், தலையணையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் கிடப்பார்? இரண்டாம் நாளே வீட்டைத் தலைகீழாக்கினார். தண்ணீர் சூடு போதாது, ஃபேன் கரகரக்கிறது, பக்கத்து வீட்டு நாய் தன்னைப் பார்த்துத்தான் குரைக்கிறது. கடைசியில், "எடீ, எதையாவது வாசிச்சுத் தாயேன், பைத்தியம் பிடிக்கிது" என்றார்.

இவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எங்கள் பக்கத்தில் இது ஒரு அதிசயமே இல்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எங்கள் சபையில் ஆராதனை தமிழில்தான். பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பாதிச் சபை மனப்பாடமாகப் பாடும். இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாச் சரணத்தையும் பிசகாமல் பாடினார். நானோ குழித்துறைப் பக்கம் பிறந்து, பி.ஏ. தமிழ் முடித்து, இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பட்டத்தை வைத்து இத்தனை வருஷத்தில் நான் சாதித்தது, மார்த்தாண்டம் பஸ்ஸின் போர்டை இவருக்கு வாசித்துச் சொன்னதுதான்.

நாவல்களுக்குப் பஞ்சமில்லை. என் தம்பி நாகர்கோவிலில் இருக்கிறான். புத்தகக் கண்காட்சிக்குப் போவான், புதுசாக வந்ததையெல்லாம் வாங்குவான், அடுக்கி வைத்துப் படம் எடுத்துப் போடுவான். வாசிக்க மட்டும் மாட்டான். ஒரு சாக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பினான். பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு வந்தன.

முதல் நாவலின் பின்னட்டையில், 'மானுட இருப்பின் தீராத வலி' என்று போட்டிருந்தது. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவன். கதை முழுக்க பால்கனியில் காப்பிக் கோப்பையோடு நின்று ஊரை நினைக்கிறான். குளத்தை நினைக்கிறான், அம்மாவை நினைக்கிறான், ஒரு அத்தியாயம் முழுக்கப் பலாப்பழத்தை நினைக்கிறான். தலையணைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "பிளேனுக்கு டிக்கெட் எடுத்துட்டு வரவேண்டியதுதானே. அவன யாரு பிடிச்சுக் கெட்டிப் போட்டா?" நியாயமான விமர்சனம். பின்னட்டையில் எழுதியவருக்கு இது தோன்றவில்லை.

இரண்டாவதில் ஒரு பெண். ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். விடிகிறது, பார்க்கிறாள். இருட்டுகிறது, பார்க்கிறாள். வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கிறவளாம். ஆனால் அடுப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. குழம்பு அடிப்பிடித்திருக்கும் என்பது என் கணிப்பு. அடுத்த ஒன்று எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே எழுதியது. எழுதியவர் இருப்பது சென்னையில். அதில் 'எலே' போடாமல் ஒரு ஆள் வாய் திறப்பதில்லை, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இல்லாமல் ஒரு பக்கம் நகர்வதில்லை. நாங்களும் சப்பாத்தி தின்போம், பேங்குக்குப் போவோம், பல் கட்டுவோம் என்று யாராவது அவரிடம் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அதற்கப்புறம் வந்தது எருமை. ஏழைக் குடும்பம், ஒரே எருமை, அதற்குக் காய்ச்சல். ஆரம்பத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போதைய நாவலில் எருமையைச் சும்மா கட்டிவைக்க மாட்டார்கள். செத்தது. நானும் நல்ல ராகத்தோடு வாசித்துக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தால் இவருடைய முதுகு குலுங்குகிறது. தலையணை நனைந்திருக்கிறது. ஐயோ கர்த்தாவே, குமிழி போச்சே என்று புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினேன்.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. சொல்கிறேன், ஏன் என்று.

எங்களுக்கு ஒரே மகள். கூட வேலை பார்த்த வெள்ளறடைப் பையனை, ரப்பர் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளை, இந்துக் குடும்பம், பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மூன்று வருஷமாயிற்று. இப்போது நெய்யாற்றின்கரையில் வாடகை வீடு. பிளேன் வேண்டாம், பஸ்ஸில் அரை மணி நேரம். அன்றிலிருந்து இவர் அவளோடு பேசியதில்லை, அவள் பெயரைச் சொன்னதும் இல்லை. அவள் போன அன்று கல்லுப்போல உட்கார்ந்து முழுச் சோறும் தின்றார். அப்படிப்பட்டவர் அச்சடித்த ஒரு எருமைக்கு இந்தக் குலுக்குக் குலுங்குகிறார்! பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டு இல்லை. எருமைக்குத் தலையணை உறை மாற்ற வேண்டியிருக்கிறது. உறையை உதறிய உதறலில் என் கை வலித்தது.

ஆனாலும் கண் கண்தானே. அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி இந்த வீட்டில் ஒரு நாவலிலும் ஒருவரும் சாகக் கூடாது. லாரி அடித்த தபால்காரர் சிராய்ப்போடு எழுந்து சாயா குடித்தார். புற்றுநோய் வந்த டீச்சருக்கு ரிப்போர்ட் மாறிப்போயிருந்தது. கிணற்றில் விழுந்த கிழவர் கயிற்றைப் பிடித்து ஏறி வந்து, கயிறு போட்டவனையே திட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், என்னுடைய முடிவுகள் அசலைவிட மோசமில்லை. சுருக்கமாகவும் இருந்தன.

மகள் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் எனக்குக் கூப்பிடுவாள். நான் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசுவேன். ஆஸ்பத்திரிக்கே வருகிறேன் என்றாள். "வரண்டாம்னு பற" என்று இவர் சொன்னதை அப்படியே சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கூட்டம் அதிகம் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் அதே கேள்விதான்.

"அம்மா, நான் ஒரு வட்டம் வந்து பாத்துட்டுப் போட்டா? அப்பா குப்புறத்தானே கிடக்காரு. நான் வந்தது தெரியாதுல்லா? வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிருவேன்."

"ஒனக்க அப்பாவுக்குக் கண்ணுதான் கேடு, காது இல்ல" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டுத் துவைகல்லில் உட்கார்ந்து அழுதேன். பெற்ற அப்பனைப் பார்க்க ஒரு பிள்ளை திருடி மாதிரி வழி கேட்கிறாள், நானும் அவளுக்கு வேடிக்கையாகப் பதில் சொல்கிறேன். என்ன வீடு இது?

சாக்கில் கடைசியாக இருந்த நாவலை நான் பாதி வரை வாசித்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. அதில் ஒரு அப்பா. மகள் சாதி மாறிக் கட்டிக்கொள்கிறாள். அவர் கேட்டைச் சாத்துகிறார். நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன், இவர் விடவில்லை. "வாசி, வாசி" என்று தினமும் நச்சரித்தார். நான் முடிவைத் தனியாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். எதிர்பார்த்ததுதான். அப்பா செத்துப்போகிறார். மகள் ஓடி வருகிறாள். சொந்தக்காரர்கள் கேட்டைத் திறக்கவில்லை. அவள் வெளியிலேயே நிற்கிறாள், நாலு பக்கத்துக்கு மழை. தமிழ் நாவலில் ஆள் செத்தால் வானிலை மாறியே ஆக வேண்டுமே!

அந்த அத்தியாயம் வந்தது. நான் அந்த அப்பாவை எழுப்பி உட்கார வைத்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு போய்க் கேட்டைத் திறக்க வைத்தேன். 'உள்ளே வா' என்று சொல்ல வைத்தேன். ஆசை யாரை விட்டது? மருமகனுக்கும் சேர்த்து இலை போட்டேன்.

"எடீ."

"என்ன?"

"எத்தற நேரமா வாசிக்கிய. ஒரு பக்கமும் மறிக்கல்லியே."

புரட்ட மறந்த பக்கத்தின் மேலேயே என் விரல் இருந்தது. இவர் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பக் கூடாது. தலையணைக்குள்ளிருந்தே பேசினார்.

"எருமைக்குப் பிறவு ஒருத்தரும் சாகல்ல. தபால்காரன் லாரிக்க அடியிலேந்து எழும்பி சாயா குடிச்சப்பமே எனக்கு விளங்கீற்று. ஒருத்தன் சாகாம இருக்கும்பம் பக்கம் மறியாது. பின்ன நாலஞ்சு பக்கம் ஒண்ணா மறியும். செரி, பாவம், உனக்கொரு நேரம்போக்குன்னு விட்டேன். ஆனா இந்த ஆளு கேற்றத் தொறக்க மாட்டான். எனக்கு இவனத் தெரியும். ஒள்ளத வாசி."

"வாசிச்சா கரஞ்சுருவிய. பின்ன ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓடணும்."

"எனக்க கண்ணாக்கும். வாசி."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. கேளும் என்று வாசித்தேன். சாவை வாசித்தேன், கேட்டை வாசித்தேன், உள்ளேயிருந்து யாரோ நாற்காலி இழுக்கும் சத்தத்தை வாசித்தேன், மழையை ஒரு துளி விடாமல் வாசித்தேன். தனியாகப் புரட்டியபோது நான் கேலி செய்த அதே நாலு பக்கம். இந்த மனிதருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு வாசிக்கும்போது அதில் ஒரு வரி கூட அதிகமாக இல்லை. அந்த எழுத்தாளரை நான் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றவர்களைத் திட்டியது அப்படியே இருக்கட்டும்.

முடிந்தது. புத்தகத்தை மூடினேன்.

"பின்ன?" என்றார்.

"பின்ன ஒண்ணுமில்ல. தீந்து."

"அந்தப் பிள்ள எங்க போனா?"

"எழுதல்ல."

"எழுதல்லியா? இவ்வளவு நேரம் மழையில நிக்க வச்சவன், அவ வீடு போய்ச் சேந்தாளான்னு எழுதண்டாமா? என்ன மனுசனாக்கும் இவன்! ஒரு குடையாவது குடுத்தானா?"

அவ்வளவுதான், என் பொறுமை போயிற்று. "கதையில நிக்கியவளுக்குக் குடை கேக்கியளே, நீங்க பெத்தவ மூணு வருசமா நிக்கா நெய்யாற்றின்கரையில. தெனமும் கேக்கா, வந்து வாசல்ல நின்னு பாத்துட்டுப் போட்டான்னு. அவளுக்கு எவன் குடுத்தான் குடை?"

இவருடைய முதுகு ஏறி இறங்கியது. தலையணை உறையை நான் பார்க்கவில்லை. நனைந்தால் நனையட்டும் என்று இருந்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து, "ஃபோன எடு" என்றார்.

"ஃபோன் கூடாதுன்னுல்லா சொல்லியிருக்கு?"

"பாக்கப்பிடாதுன்னாக்கும் சொன்னா. பேசப்பிடாதுன்னு சொல்லல்ல."

நான் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். நாங்கள் பேசுகிற நேரம் இல்லை அது. எடுத்ததும் அலறினாள். "அம்மா, என்ன? அப்பாவுக்கு என்ன?"

"நானாக்கும்" என்றார் இவர்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கடையில் ஆணி எடைபோடுகிறவனிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார். "உனக்க அம்மைக்க வாசிப்பு செரியில்ல. கள்ளம் காட்டுதா. நீ வந்து ஒரு மலையாள நாவல் வாசிச்சுத் தா."

"எந்த... எந்த நாவல் அப்பா?"

"எதானாலும் போதும், மக்கா. தடிச்சதாப் பாத்து எடு. ஒற்றை நாள்ல தீரப்பிடாது."