முதல் சவாரிக்காரர்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் ஆறு லிஃப்டுகளும் அவர் பொறுப்பில். எதைப் பழுது பார்த்தாலும், மேலும் கீழும் தனியாக ஒருமுறை போய்வந்த பிறகுதான் மற்றவர்களை ஏறவிடுவார். தலைமை டாக்டரே அவசரமாக வந்து நின்றாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அதனால் அங்கே அவருக்குப் பெயர் ‘முதல் சவாரி’. நல்ல மனிதர்தான். ஆனால் அவரோடு உட்கார்ந்து ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அக்காவுக்குப் பனிச்சறுக்கு ஆசை. பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையிலேயே இருபது வருஷம் உட்கார்ந்தவள். எதிர்ச் சுவரில் இருந்த பனிமலைப் படத்தைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசையாம். சறுக்குவதற்கென்று நீலப் பேன்ட் ஒன்று வாங்கி நாலு வருஷமாக அலமாரியில் தொங்கவிட்டிருந்தாள். ஒவ்வொரு குளிர்காலமும் திட்டம் கிளம்பும், ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். சறுக்க வேண்டுமென்றால் முதலில் மேலே ஏற வேண்டும். ஏறுவதற்குக் கம்பி வடத்தில் தொங்கும் நாற்காலிகள். அந்த வடத்தை யார் பார்த்தது என்று கேட்பார் அத்தான். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்த வருஷம் அக்காவின் முழங்காலில் தேய்மானம் தொடங்கிவிட்டது. இந்தக் குளிர்காலம் போவதானால் போங்கள், அடுத்த வருஷம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்றார் எலும்பு டாக்டர். வீட்டுக்கு வந்த அக்கா அழவில்லை, சண்டையும் போடவில்லை. நீலப் பேன்ட்டை மடித்து, யாருக்காவது கொடுத்துவிடு என்று என் கையில் வைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் அத்தானை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். மூன்று மலை ஊர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமாம். பதினோரு கேள்விகள். வடம் எந்த வருஷத்தது, பிரேக் ஒன்றா இரண்டா, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள். அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்பு இவ்வளவு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருப்பாரா என்பது சந்தேகம். அடித்து அனுப்பினேன்.

பெயர்பெற்ற இரண்டு ஊர்களிலிருந்தும் அழகழகான படங்கள் வந்தன, பதில் வரவில்லை. மூன்றாவது, யாரும் கேள்விப்படாத ஊர். ஒரு கடைத்தெரு, இரண்டு விடுதி, ஒரே ஒரு நாற்காலி லிஃப்ட். நாலு நாள் கழித்து அங்கிருந்து ஃபோன் வந்தபோது நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார். பேசியவர் அந்த லிஃப்டின் மெக்கானிக். பதினோரு கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொன்னார். பாம்பின் கால் பாம்பறியும். இரண்டு பேரும் கப்பியையும் கிரீஸையும் பற்றி முக்கால் மணி நேரம் கொஞ்சிக்கொண்டார்கள். பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அக்கா, தோலைக் கிண்ணத்திலும் பட்டாணியைக் குப்பைக் கூடையிலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அந்த மனிதர் ஒன்று சொன்னார். "தினமும் காலையில முதல் நாற்காலியில நான்தாங்க ஏறுவேன். போய்ட்டு வந்த பிறகுதான் கேட்டைத் திறப்பேன்."

அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. தான் வந்தால், அவருக்கு அடுத்தபடியாகத் தன்னைத் தனியாக ஒருமுறை ஏற்றிவிட முடியுமா, பிறகு மனைவியைக் கூட்டிப் போகிறேன் என்று கேட்டார். தாராளமாக என்றார் அவர். காரியம் கைகூடிவிட்டது என்று நான் பெருமூச்சு விட்டேன்.

அக்கா ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த நாற்காலியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டாள். ரெண்டு பேரும்மா என்று பதில் வந்தது.

அவள் அத்தானைப் பார்த்தாள். "அப்ப நானும் கூடவே ஏறுவேன். நீங்க தனியா மேல போய்ட்டு வர்ற வரைக்கும் கீழ நின்னு பயப்பட என்னால ஆகாது. இத்தனை வருஷமா வீட்ல இருந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமும் அவளுக்கு இப்படி ஒரு பயம் இருந்ததை நானும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. அத்தான் ஃபோனிடம் குனிந்தார்.

"தனியா வேண்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே ஏறுறோம்."

ஃபோனை வைத்ததும் அந்த நீலப் பேன்ட் எங்கே என்று என்னைக் கேட்டார். நான் அதை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. கொடுப்பேனா? அக்கா குப்பைக் கூடையிலிருந்து பட்டாணியைப் பொறுக்க ஆரம்பித்தாள். அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார்.