அடுப்புக்குப் போன குளியல் மாவு

மதுரை திருநகரில் வீட்டிலிருந்தே நலங்கு மாவு தயாரித்து விற்கிறேன். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு எல்லாம் நானே காயவைத்து மில்லில் அரைப்பது. மாவில் குறையில்லை, கூவி விற்கத்தான் எனக்கு வாய் வராது. முகமெல்லாம் பருவோடு நின்று பிறரைப் பூசச் சொன்னால் சிரிப்பார்களே என்ற கூச்சம்.

பக்கத்தில் நடந்த மகளிர் சந்தையில் ஓர் அக்கா, "என்ன மாவும்மா இது?" என்று கேட்டார். "வீட்டுல அரைச்சதுக்கா, பிள்ளைகளுக்கும் ஏத்தது" என்று முணுமுணுத்தபடி பாக்கெட்டை நீட்டினேன். அவரும் ஒன்று வாங்கிப் போனார். அதில் என் போன் நம்பர் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "இம்புட்டு வாசமா இருக்கே, பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சப் பால் ஊத்தவா, தண்ணி ஊத்தவா?"

அவசரமாகத் தடுத்தேன். "அக்கா, பிள்ளைக்குக் குடுத்துறாதீங்க. அது தேச்சுக் குளிக்கிற மாவு."

டக்கென்று அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்துவிட்டார். "இதைத்தானம்மா நேத்து சத்தமாச் சொல்லியிருக்கணும். குளிக்கிறதுன்னா எனக்கும் சேத்து ரெண்டு பாக்கெட் வாங்கியிருப்பேன்ல?"

இப்போது பாக்கெட்டில் 'குளியல் மாவு' என்று கொட்டை எழுத்தில் போடுகிறேன். சந்தையில் அதே பருவோடுதான் நிற்கிறேன். யாரும் கேட்பதற்கு முன்பே குரல் கொடுத்துவிடுகிறேன்: "வாங்கக்கா, நானே அரைச்சது, நானும் தேய்க்கிறது. குடிக்க இல்ல, குளிக்க."